கணினியும் பதிப்பாசிரியரும்

எழுத்தை மாற்றுதல் வேறு; நூலைத் திருத்துதல் வேறு. முன்னது கையின் தொழில். பின்னது அறிவின் தொழில். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கம், மேசைக் கணினியில் சொற்செயலி கொண்டு தமிழ் ஆவணங்களைத் திருத்தும் இந்நாளில் எளிதில் நேர்கின்றது.

சொற்செயலியின் நலன்களை மறுப்பார் இலர். பத்தியை இடம் பெயர்த்தலும், விடுபட்ட அடியைச் சேர்த்தலும், படி எடுத்தலும் நொடியில் முடிகின்றன. ஆயினும் அதன் தேடி மாற்றும் வசதி எழுத்தின் வரிசையை அறியுமேயன்றி இலக்கணத்தை அறியாது.

சான்றொன்று காண்க. ஒரு கதையில் ‘பையன்’ என வருமிடமெல்லாம் ‘சிறுவன்’ என்றாக்க விரும்பும் ஒருவர், ‘அனைத்தையும் மாற்று’ என்று கட்டளையிடுகிறார். உடனே ‘அந்தப் பையன்’ என்பது ‘அந்தப் சிறுவன்’ ஆகிவிடுகிறது. வருமொழி மாறியும் முன்னர் மிக்க பகர ஒற்று மாறாது நிற்கிறது. ‘பையனை’, ‘பையனுக்கு’ என்பனவோ மாற்றத்திற்கே அகப்படுவதில்லை. னகர மெய்யின்மேல் உயிர் ஏறியமையால் தேடிய வடிவம் ஆங்கில்லை. அவ்வாறே ‘மரம்’ எனத் தேடுவார்க்கு ‘மரத்தை’ என்பதும் ‘மரங்கள்’ என்பதும் கிட்டா. அத்துச் சாரியையை மாணவர் அறிவர், கருவி அறியாது.

இதனினும் கொடியது கண்ணுக்குப் புலனாகாத பிழை. கணினிக்குரிய ஒருங்குறியில் ஔகாரத்திற்கும் அதன் உயிர்மெய்க் குறிக்கும் தனி இடங்கள் உண்டு. ஆனால் ஔகாரத்தின் பின்னுறுப்பு ளகரத்தை ஒத்திருத்தலின், ஒகரத்தை அடுத்து ளகரத்தைத் தட்டி ‘ஒளவை’ என எழுதிவிடுவோர் பலர். திரையிலும் தாளிலும் வேறுபாடு எளிதில் தோன்றாது. கணினிக்கோ ‘ஔவை’ வேறு, ‘ஒளவை’ வேறு. மின்னூலில் ஔவையைத் தேடும் மாணவன், அந்நூலில் ஔவையைப் பற்றிய செய்தியே இல்லையென்று முடிவு செய்வான். ‘மௌனம்’ என்னும் தேமாச் சீர், ‘மெளனம்’ எனப் பதிவாயின், அசை பிரிக்கும் மென்பொருளுக்குப் புளிமாவாகும்.

இப்பிழையையும் ஒரே கட்டளையால் களையலாமே எனின், அதுவும் இயலாது. ஒகரத்தை அடுத்த ளகரத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் ‘ஒளி’ சிதையும். எகரக் குறியை அடுத்த ளகரத்தையெல்லாம் அவ்வாறு மாற்றினால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’ ஆகிய சொற்கள் உருக்குலையும். எது ஔகாரம், எது ளகரம் என்று துணிதற்குச் சொல்லறிவு வேண்டும்.

பழைய ஏடுகளிலும் இத்தகைய இடர் இருந்தது. புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ரகரமும் காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையை வெளியிட்ட சி. வை. தாமோதரம் பிள்ளையும் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தனர். ஏட்டில் ஐயம் வெளிப்படையாக நின்றமையால் அறிஞர் விழிப்புடன் இருந்தனர். கணினியிலோ ஐயமே எழாதவாறு பிழை மறைந்து நிற்கிறது.

இதற்குத் துணை செய்யும் வசதியும் அக்கருவியிலேயே உண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆஃபிஸ் ஆகிய இரண்டும், திருத்தங்களைப் பதிவு செய்யுமாறு பணித்தால், நீக்கிய சொல்லையும் சேர்த்த சொல்லையும் ஒருங்கே காட்டும். திருத்தியவர் பெயரையும் நாளையும் குறிக்கும். பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்த பதிப்பாசிரியர் மரபிற்கு இஃது அணுக்கமானது. இதனைக் கொள்ளாது, பழைய பாடத்தை அழித்து அதன்மேல் எழுதுவோர், தம் திருத்தம் தவறாயின் மீளும் வழியையும் அழிக்கின்றனர்.

ஆதலின், பாடநூலோ இலக்கியமோ கணினியில் திருத்தும் தமிழாசிரியர், மூலப் படியைத் தனியே காத்தல் வேண்டும். திருத்தங்களைப் பதிவு செய்தல் வேண்டும். மாற்றத்தை ஒவ்வோரிடமாக நோக்கியே ஒப்புதல் வேண்டும். ஒரு பிழைப்படி நூறு பள்ளிகளுக்குச் செல்ல இன்று ஒரு நொடி போதும். அப்பிழையைத் தேடிக் களைய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணிப் பார்ப்பவரே பதிப்பாசிரியர் எனப்படுவர்.