உழைச்செல்வான்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பற்றி மேடையில் பேசுவோர் பெரும்பாலும் அளவறிந்து உண்ணும் அறிவுரையோடு நின்றுவிடுகின்றனர். பத்துப் பாக்களில் ஆறு உணவைப் பற்றியனவாதலின் அது இயல்பே. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது இறுதிப் பாவாகிய 950ஆம் குறள். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறுகளை வள்ளுவர் அதில் வைக்கிறார்.

'உழை' என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்தே செல்பவன் உழைச்செல்வான். பரிமேலழகரோ அவனை மருந்தைப் பிழையின்றி இயற்றுபவனாகக் கொள்கிறார். சொல்லின் பொருள் இங்கே குறுகிவிட்டது என்பது நம் கருத்து. ஆயினும் அவருரையை அவ்வளவில் தள்ளிவிட இயலாது. நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுக்கும் அவர், நோயாளியிடத்து அன்புடைமையை இவனுக்கே உரியதாக்குகிறார். மருத்துவனுக்கு அவர் வேண்டுவன நோய் கண்டு அஞ்சாமை, கல்வியோடு கூடிய நுண்ணறிவு, பலகாலும் தீர்த்த பழக்கம், மனமொழிமெய்த் தூய்மை ஆகியன. அன்பு அவ்வரிசையில் இல்லை! நோயாளிக்கோ, தன் நோய்நிலையை எடுத்துணர்த்துதலும் ஓர் இலக்கணம்.

இத்தகைய பகுப்பு ஆயுர்வேத நூல்களிலும் உண்டு. ஆனால் அவற்றுள் ஒன்றாகிய சரக சங்கிதை, நட்பையும் துன்புற்றோர்பால் கருணையையும் மருத்துவனுக்கே ஒழுக்கமாக விதிக்கிறது. உரையாசிரியர் அதனையும் தழுவியிருக்கலாம். குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில், அறுத்துச் சுட்டாலும் மருத்துவன்பால் நோயாளிக்குள்ள காதல் குறையாததை உவமையாக்குகிறார். தீர்ப்பவன் பக்கத்திலிருந்து ஒன்றும் வாராமலா அக்காதல் பிறந்திருக்கும்?

நோய்நிலையை உணர்த்துதல் என்னும் இலக்கணம், பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நம்மவர்க்கு எளிதன்று. குத்தல், குடைச்சல், பிசைதல், எரிச்சல் எனத் தமிழ் வேறுபடுத்தும் நோவுகளையெல்லாம் நாம் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்குமுன் எம் குடியிருப்பைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவருக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக நின்றோம். "வயித்தைப் பிசையறது தம்பி. கத்தி வெச்சா எழுந்திருக்க மாட்டேன்னு பயமா இருக்கு" என்றார். "பேட் மே தர்த் ஹை" என்றோம். அச்சம் சிகிச்சைக்குரிய செய்தியன்று என்று நாமே தீர்மானித்து விட்டுவிட்டோம். மருத்துவரும் வேறொன்றும் கேளாமல் சீட்டில் எழுதினார்.

அங்கு நின்ற கேரளத்துச் செவிலி ஒருவர் 'பயம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார் போலும். கட்டிலருகே வந்து, "அம்மே, பேடிக்கண்டா" என்று அவர் கையைப் பற்றினார். மருந்து எதனையும் அவர் அதுவரை இயற்றியிருக்கவில்லை. வள்ளுவரின் சொல்லுக்கு உரையாசிரியர் கொண்ட பொருளைவிட இதுவே பொருந்துவதென அன்று எமக்குப் பட்டது.

மாலையில் விடைபெறும்போது அம்மையார் கேட்டார்: "நான் சொன்னதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிட்டியா தம்பி?"

சொல்லிவிட்டோம் என்றோம்.