மலாய் படிக்கத் தமிழ் எவ்வளவு தூரம் துணை?

நெகிரி செம்பிலானின் பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் தேசிய மொழி படிக்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் பழகிய வழி ஒன்று உண்டு. மலாய்ச் சொல்லின் தலைக்கு மேல், பென்சிலால் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வதுதான் அது. புத்தகத்தைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு அது துணிச்சல் தருகிறது. ஆனால் அதன் ஆயுள் சில வாரங்கள்தான்.

'இரண்டு' என்பதற்கான மலாய்ச் சொல்லும் 'முதிய' என்பதற்கான சொல்லும் தமிழில் 'துவா' என்றே விழுகின்றன. காலைப்பொழுதும் 'பாகி', பங்கிடுதலும் 'பாகி'. பிள்ளையின் காதில் குறையில்லை. 'பஸ்', 'பல்' இரண்டையும் வேறுபடுத்தியே அது பேசுகிறது. எழுத்துதான் ஒன்று.

இதைவிடப் பெரிய தொல்லை உயிரொலியில் இருக்கிறது. பிரெஞ்சு மொழி ஒரே உயிரெழுத்தின் மேல் வெவ்வேறு கோடுகளை இட்டு ஒலியைப் பிரித்துக் காட்டும். மலாயிலும் அப்படியொரு குறி இருந்தது. இதே மாநிலத்தில் 1895இல் பிறந்த இலக்கண அறிஞர் ஸைனால் ஆபிடின் அகமட் வகுத்த எழுத்துமுறை, தெளிவான எகரத்தையும் மழுங்கிய எகரத்தையும் பிரித்தது. இந்தோனேசியாவோடு சேர்ந்து 1972இல் கொண்டுவந்த புதிய எழுத்துமுறை இரண்டுக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்துவிட்டது. 'செப்பாக்' என்ற சொல்லில் எகரம் தெளிந்தால் உதை, மழுங்கினால் அறை! குற்றியலுகரத்தை எழுத்தில் பார்க்காமலே சரியாக ஒலிக்கும் தமிழருக்கு இது புரியாத நுட்பமல்ல. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு, 'என்ன' என்று கேட்கும் சொல் பக்கத்துக் கம்பத்தில் 'அபோ'. தொலைக்காட்சியில் அதன் கடைசி உயிர் மழுங்கி ஒலிக்கும். 1988 முதல் 2000 வரை பள்ளிகள் வலியுறுத்திய 'செபுத்தான் பாக்கு' முறையிலோ எழுதியபடியே 'அபா'. அந்த ஆண்டுகளில் படித்த தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு சொல்லுக்கு மூன்று உச்சரிப்பு. கம்பத்துப் பேச்சைத் தவறென்று திருத்தியதைவிட, இடத்துக்கேற்ற வழக்கு என்று சொல்லிக்கொடுத்திருந்தால் குழப்பம் குறைந்திருக்கும்.

இலக்கணத்துக்கு வந்தால் கதையே மாறுகிறது. வினைச்சொல்லின் முன் ஒட்டும் 'மெ' முன்னொட்டு பலரையும் திணறடிக்கும் பகுதி. துலிஸ் 'மெனுலிஸ்' ஆகும், புக்குல் 'மெமுக்குல்', சாப்பு 'மெஞாப்பு', கீரா 'மெஙீரா'. த போய் ந-வின் இன ஒலி, ப போய் ம, ச போய் ஞ, க போய் ங. வல்லினம் விலக அதன் இன மெல்லினம் வந்து உட்காருகிறது. தமிழ்ப் பாடத்தில் இன எழுத்துப் படித்த பிள்ளைக்கு இது பாதி தெரிந்த பாடம். அதையே மலாய் வகுப்பில் 'க, ப, ச, த விழும்' என்று காரணமின்றி மனப்பாடம் செய்கிறது. எல்லாச் சொல்லும் இதற்கு அடங்காது. ஆராய்தலைக் குறிக்கும் 'காஜி' தன் முதலெழுத்தை விடாது. பெயருக்குப் பின்னால் அடைமொழி வரும் வரிசையிலும் தமிழ் கைகொடுக்காது. 'சிவப்புச் சட்டை' அங்கே 'சட்டை சிவப்பு'தான்.

ஆக, தமிழ் உதவாத உச்சரிப்பில் அதை இழுத்துப் பிடிக்கிறோம், உதவுகிற இலக்கணத்தில் கைவிடுகிறோம். தோட்டப் பள்ளிகளின் தமிழாசிரியரும் தேசிய மொழி ஆசிரியரும் அந்த 'மெ' பாடத்துக்காவது சேர்ந்து உட்கார வேண்டும்.