மனுஷருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம்

திமிர்வாதக்காரனை நோக்கி இயேசு கூறிய மன்னிப்பின் வார்த்தை (மாற்கு 2:5) கிரேக்க மூலத்தில் செயப்பாட்டு வினையாக அமைந்துள்ளது. மன்னிப்பவர் யார் என்பதை அவ்வினை வெளிப்படக் கூறவில்லை. தேவநாமத்தைச் சொல்லாது தவிர்க்கும் யூத வழக்கு இது. மன்னிப்பவர் தேவனே, இயேசு அதை அறிவிக்கிறவர் மாத்திரமே என்று வியாக்கியானிகளில் ஒரு சாரார் கொள்வர். இலக்கணம் இவ்வாதத்திற்கு இடந்தருகிறது. வரலாற்றின் போக்கு இடந்தரவில்லை.

நாத்தான் தாவீதுக்குக் கர்த்தருடைய மன்னிப்பை அறிவித்தான் (2 சாமு. 12:13). அதை எவரும் தேவதூஷணம் என்னவில்லை. இயேசுவும் அவ்வளவே செய்திருப்பின் வேதபாரகர் இடறலடைவானேன்? அவர்கள் தவறாக விளங்கிக்கொண்டிருந்தால் திருத்த ஒரு சொல் போதும். அவரோ திருத்தாமல், பூமியிலே அந்த அதிகாரம் மனுஷகுமாரனுக்கு உண்டு என்று மேலும் ஒருபடி செல்கிறார். 5-ஆம் வசனத்தின் பிற்பகுதி முதல் 10-ஆம் வசனம் வரை பிற்காலச் சேர்க்கை என்ற புல்ட்மனின் கருத்து (1921), இச்சிக்கலைத் தீர்க்காமல் ஆதித் திருச்சபையின் தோளுக்கு மாற்றிவிடுகிறது.

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது மத்தேயுவின் முடிவு. மற்ற இருவரும் ஜனங்களின் வியப்போடும் துதியோடும் நிறுத்த, இவர் மாத்திரம் இத்தகைய அதிகாரம் 'மனுஷருக்கு' அளிக்கப்பட்டதற்காக அவர்கள் தேவனை மகிமைப்படுத்தினார்கள் என்கிறார் (9:8). ஒருமை இங்கே பன்மையாகிறது. இது கவனக்குறைவன்று. யோவானின் ஞானஸ்நானத்தோடு மாற்கு இணைத்த 'பாவமன்னிப்புக்கென்று' என்னும் கருத்தை (1:4) மத்தேயு அவ்விடத்தில் விட்டுவிட்டு, திருவிருந்தின் பாத்திரத்தைப் பற்றிய வார்த்தையில் வைக்கிறார் (26:28). கிறிஸ்துவின் இரத்தத்தைவிட்டு மன்னிப்பைப் பிரிக்கலாகாது என்பதில் இத்தனை கண்டிப்புள்ளவரே இப்பன்மையையும் எழுதுகிறார். கட்டுதலும் கட்டவிழ்த்தலும் அவருடைய நூலில் சீஷர் கூட்டத்துக்கும் உரியவை (18:18).

நாமோ கிறிஸ்துவின் தேவத்துவத்தை நிலைநாட்ட இப்பகுதியைப் பிரசங்கித்து, எட்டாம் வசனத்தை எட்டுமுன் ஆமென் சொல்லிவிடுகிறோம். உரோமச் சபையின் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிய அச்சம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் லுத்தரின் சிறிய ஞானோபதேசம், போதகர் கூறும் மன்னிப்பைத் தேவனிடமிருந்தே வந்ததாக ஏற்கக் கற்பிக்கிறது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பொது ஜெபப்புத்தகத்தில், காலை ஜெபத்தில் மன்னிப்பை அறிவிக்கும் குரு, வியாதியஸ்தரைச் சந்திக்கும் முறைமையில், தமக்கு ஒப்புவிக்கப்பட்ட கிறிஸ்துவின் அதிகாரத்தைச் சுட்டி, 'நான்' என்று தன்மையிலேயே பேசுகிறார்.

மரணப் படுக்கையில் தன் பாவத்தை அறிக்கையிட்டவனிடம், 'தேவன் மன்னிப்பாராக' என்று வேண்டிவிட்டு எழுந்துவரும் ஆயர் அதைத் தாழ்மை எனக் கருதலாம். மன்னிக்கப்பட்டேனா இல்லையா என்பதே படுத்திருப்பவனின் கேள்வி.