படம் வருது, சத்தம் வரலைங்க

திருப்பூரில் பிரிண்டிங், எம்ப்ராய்டரி டிசைன் போடும் அறைகளில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி ஒன்று கட்டாயம் இருக்கும். பகல் முழுக்க அதில் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் ஓடும். ஆர்டர் முடிந்து ஷட்டர் இறங்கிய பிறகு, அதே கணினியில் ஓடும் விளையாட்டை மாடியில் இருக்கும் டி.வி.க்கோ கையில் இருக்கும் போனுக்கோ அனுப்பி ஆடும் பிள்ளைகள் உண்டு. கணினியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், இன்னொன்று வாங்கவும் வேண்டாம். கிடைத்த பொருளை முழுசாகப் பயன்படுத்தும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்தமானது.

இதில் திரும்பத் திரும்பக் காதில் விழும் புகார் ஒன்று: "அண்ணா, படம் சூப்பரா வருதுங்க, சத்தம்தான் வரலைங்க." புகாரோடு அதன் காரணமும் தயாராக வந்துவிடும்: "நெட்டு ஸ்லோவாட்ட இருக்குது." உடனே இணைய நிறுவனத்துக்கு போன் போகும், பிளான் ஏறும். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் கடையில் "ஃபார்மட் அடிச்சிரலாங்க" என்பார்கள். பல வீடுகளில் கோளாறு பார்ப்பது என்றால் இந்த இரண்டுதான். முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது சில நேரம் வேலை செய்கிறது. அப்படி வேலை செய்வதே அதன் சிக்கலும்கூட.

முதலில் நெட்டு விஷயத்தைத் தீர்த்துவிடலாம். வால்வ் நிறுவனம் ஸ்டீமில் இந்த வசதியை 2014 மே மாதம் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது அதன் பெயரே வீட்டுக்குள் ஸ்ட்ரீமிங் என்றுதான் இருந்தது. 2015 நவம்பரில் ஸ்டீம் லிங்க் என்ற சின்னப் பெட்டி வந்தது. 2018இல் பெட்டியை நிறுத்திவிட்டுச் செயலியாக்கிவிட்டார்கள். என்விடியா தன் ஷீல்டு கருவிக்காக 2013இல் கொண்டுவந்த கேம்ஸ்ட்ரீமை 2023 பிப்ரவரியில் கைவிட்டது. அதன் இடத்தை இன்று நிரப்புபவை இரண்டு இலவச மென்பொருள்கள்: அனுப்பும் பக்கத்தில் சன்ஷைன், பெறும் பக்கத்தில் மூன்லைட். மூன்லைட் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சிலர் தொடங்கியது. கணினியும் டி.வி.யும் ஒரே ரவுட்டரில் இருந்தால் படமும் ஒலியும் அந்த ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. வாசலில் வரும் ஃபைபர் வயரைப் பிடுங்கிவிட்டாலும் மூன்லைட்டில் ஆட்டம் ஓடும். அப்படியிருக்க, மாதா மாதம் கூடுதலாகக் கட்டும் பிளான் பணம் இந்தச் சத்தத்துக்கு ஒரு பைசா உதவி செய்யாது.

கணக்கும் இதையே சொல்கிறது. 1080 தரத்தில் நொடிக்கு 60 ஃபிரேம் அனுப்ப மூன்லைட் எடுத்துக்கொள்வது 20 மெகாபிட். ஸ்டீரியோ ஒலிக்கு அரை மெகாபிட் தாராளம். 20 மெகாபிட் படம் தடையில்லாமல் வந்து சேரும் பாதையில், அரை மெகாபிட் ஒலிக்கு மட்டும் இடம் போதவில்லை என்பது பொருந்தவே இல்லை.

அப்படியானால் சத்தம் எங்கே போகிறது? பெரும்பாலும் அது கணினியை விட்டே கிளம்பியிருக்காது. அனுப்பும் மென்பொருள் விளையாட்டின் ஒலியை நேராக எடுப்பதில்லை. விண்டோஸில் டீஃபால்ட் ஸ்பீக்கராக எது குறிக்கப்பட்டிருக்கிறதோ, அதற்குப் போகும் கலவையைப் பக்கத்தில் நின்று நகல் எடுக்கிறது. விளையாட்டு வேறு ஒரு கருவிக்குப் பாடிக்கொண்டிருந்தால் நகலில் விழுவது மௌனம்தான். ஹெச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டரிலேயே ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கீழே மானிட்டரை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினால் அந்த ஒலிக் கருவியே விண்டோஸின் பட்டியலிலிருந்து மறைந்துபோகும். ஸ்டீம் இதற்காகவே ஸ்டீம் ஸ்ட்ரீமிங் ஸ்பீக்கர்ஸ் என்ற கற்பனை ஸ்பீக்கர் ஒன்றைக் கணினியில் நிறுவி வைக்கிறது. சன்ஷைனும் விண்டோஸில் அதையே இரவல் வாங்கிக்கொள்கிறது. ஸ்ட்ரீமிங் தொடங்கியதும் டீஃபால்ட் அதற்கு மாறும், கீழ்வீட்டில் சத்தம் வராது, மாடியில் மட்டும் கேட்கும். தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் சில விளையாட்டுகள் தொடங்கும்போது எந்த ஸ்பீக்கரைப் பிடித்தனவோ அதை விடாமல் பிடித்திருக்கும். டீஃபால்ட் மாறியது அவற்றுக்குத் தெரியாது.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். ரவுட்டரை மாற்றியாயிற்று, டி.வி.க்குப் புது சவுண்ட்பாரும் வாங்கியாயிற்று. பையனை மாடியில் ஆடச் சொல்லிவிட்டு, கீழே கணினியில் விண்டோஸின் பழைய ஒலிப் பலகையைத் திறந்தோம். ஒவ்வொரு ஒலிக் கருவியின் பக்கத்திலும் ஒரு சின்னப் பட்டை நிற்கும். ஒலி எதன் வழியாகப் போகிறதோ அதன் பட்டையில் மட்டும் பச்சை ஏறி இறங்கும். ஸ்டீமின் கற்பனை ஸ்பீக்கருக்கு நேரே டீஃபால்ட் என்ற குறி இருந்தது, பச்சை துளியும் இல்லை. இரண்டு வரி கீழே, யு.எஸ்.பி. ஹெட்செட்டின் பட்டை துள்ளிக்கொண்டிருந்தது. மேசை மேல் சுருட்டி வைத்திருந்த அந்த ஹெட்செட்டைக் காதருகே கொண்டுபோனால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது! விளையாட்டின் ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியை மாற்றியதும் மாடியிலிருந்து "வந்துருச்சுங்க மாமா" என்று குரல் வந்தது. வாங்கிய சவுண்ட்பார் வாங்கியதுதான்.

இப்போது ஃபார்மட் அடிப்பதையும் அதன் தம்பியான ரீஸ்டார்ட்டையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸின் ஒலிச் சேவை புதிதாகக் கிளம்புகிறது, கருவிகளின் பட்டியல் மறுபடி எழுதப்படுகிறது, விளையாட்டு புதிய டீஃபால்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றும் தெரியாதவர்கூட செய்யலாம், காசு செலவில்லை, கோளாறு பார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். குறை எங்கே என்றால், சரியானபோது ஏன் சரியானது என்ற தடயத்தையும் அது சேர்த்து அழித்துவிடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே மௌனம் வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். யாரோ வீடியோவில் சொன்ன பத்து மாற்றங்களை ஒரே மூச்சில் செய்வதும் இதே வகைதான். பத்தில் எது குணமாக்கியது என்று தெரியாது, மீதி ஒன்பது என்ன கெடுத்துவைத்திருக்கிறது என்றும் தெரியாது. ஃபார்மட் இன்னும் மோசம். டிசைன் ஃபைல்களும் ஃபான்ட்டுகளும் உள்ள தொழில் கணினியை, ஒரு ஸ்பீக்கர் குறி மாறிப்போனதற்காகத் துடைத்துப்போடுவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

இந்த ஊருக்கு இதைவிட நல்ல முறை பழக்கம். செக்கிங் மேசையில் துணியின் நீளவாக்கில் கோடு ஓடினால் நிட்டிங் மெஷினில் ஊசியைப் போய்ப் பார்ப்பார்கள். குறுக்கே பட்டை விழுந்தால் நூலையும் அதன் இழுவையையும் பார்ப்பார்கள். குறையின் உருவமே குறை பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒலிக் கோளாறும் அப்படித்தான் உருவத்தோடு வருகிறது. முழு மௌனம் என்றால் கணினிக்குள் ஒலி வேறு கருவிக்குப் போகிறது. இசை கேட்கிறது, ஆள் பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகத் தேய்ந்திருக்கிறது என்றால், 5.1 அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். வசனம் போகும் நடுச் சேனலுக்கு ஸ்பீக்கர் இல்லை. மூன்லைட்டில் ஸ்டீரியோவுக்கு மாற்றினால் தீர்ந்தது. படபடவென்று வெடிப்புச் சத்தம், இடையிடையே அறுபடுவது என்றால்தான் வயர்லெஸ் பாதையைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்தச் சந்தேகத்துக்குத் திருப்பூரில் நல்ல காரணம் இருக்கிறது. லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்க வேண்டும். அந்த நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைவது ஒரு பக்கம், முன்பின்னாகவும் தாமதித்தும் வருவது இன்னொரு பக்கம். படத்தில் ஒரு ஃபிரேம் தவறினால் முந்தைய ஃபிரேம் இன்னும் 16 மில்லிவினாடி நிற்கும், கண் அதைப் பொருட்படுத்தாது. ஒலியில் சில மில்லிவினாடி இடைவெளி விழுந்தாலே காதுக்கு அது ஒரு சொடுக்கு. படம் நன்றாக இருக்கிறது, ஆகவே வைஃபை நன்றாக இருக்கிறது என்ற முடிவு இதனால்தான் தவறாகிப்போகிறது. மூன்லைட் நான்கு ஒலிப் பாக்கெட்டுகளுக்கு இரண்டு உதிரிப் பாக்கெட்டுகளைச் சேர்த்தனுப்பி, தொலைந்தவற்றை மீட்டெடுக்கப் பார்க்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் நெரிசல் நேரத்தில் அது போதாமல் போகும். கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு லேன் வயர் இழுத்து, டி.வி.யை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே சரியான மருந்து. இதற்கு ஆகும் செலவு ஒரு சவுண்ட்பார் விலையில் சிறு பங்கு.

தாமதம் வேறு கதை. சுட்ட பிறகு சத்தம் வருகிறது என்றால் பத்துக்கு எட்டு வீட்டில் காரணம் புளூடூத் இயர்போனாக இருக்கும் என்பது என் கணிப்பு. சாதாரண புளூடூத் இயர்போன் 150 மில்லிவினாடிக்கு மேலேயே தாமதிக்கும். ஒளிபரப்புத் துறைக்காக ஐ.டி.யு. அமைப்பு 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்துக்குச் சுமார் 125 மில்லிவினாடி பிந்தினாலே பார்ப்பவர்களுக்குத் தெரியத் தொடங்கும். அது உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கான அளவு. பின்னால் வரும் காலடிச் சத்தத்தைக் கேட்டுத் திரும்ப வேண்டிய ஆட்டக்காரருக்கு அதில் பாதியே அதிகம். எந்த அமைப்பை மாற்றினாலும் இது தீராது. வயர் இயர்போன் போட வேண்டும், அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வரும் ஹெட்செட் வாங்க வேண்டும்.

ஒலியை அது பிறக்கும் இடத்திலிருந்து கேட்கும் இடம் வரை பின்தொடரும் இந்த முறையிலும் குறைகள் உண்டு. மாடியில் ஒருவர் ஆட, கீழே ஒருவர் பச்சைப் பட்டையைப் பார்க்க வேண்டும். தனியாக இருப்பவருக்கு ஏறி இறங்கும் வேலை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பொறுமை, பத்து மணி நேர ஷிப்ட் முடித்து வந்து அரை மணி நேரம் ஆட உட்கார்ந்தவரிடம் எதிர்பார்க்கக் கூடியதா? நான் எதிர்பார்க்க மாட்டேன். இங்கே பழி மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத்தான் போக வேண்டும். ஆட்டத்தின் மேலேயே எத்தனை ஃபிரேம் வருகிறது, எத்தனை தவறியது, தாமதம் எவ்வளவு என்று படத்தைப் பற்றி வரி வரியாகக் காட்டுகிறார்கள். ஒலி எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்படுகிறது, இந்த நொடியில் அதில் ஏதாவது ஓடுகிறதா என்ற ஒரே ஒரு வரியை அதே இடத்தில் காட்டியிருந்தால் அந்த வீட்டில் சவுண்ட்பார் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும், நீள ஹெச்.டி.எம்.ஐ. வயரும் ஆடியோ வயரும் மாடிவரை இழுப்பதைவிட ஸ்ட்ரீமிங்கே மேல் என்பேன். கீழே மோட்டார்களும் மேலே குடித்தனமுமாக இருக்கும் கட்டடங்களில், எர்த்திங் சரியில்லாதபோது கணினியையும் ஆம்ப்ளிஃபையரையும் நீள வயரால் இணைத்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு உறுமல் ஸ்பீக்கரில் குடியேறிவிடும். அதை விரட்டுவது பெரும் பாடு. வைஃபையில் போகும்போது இரண்டுக்கும் நடுவே வயரே இல்லாததால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஆனால் இதையே தொழில் கணினியில் செய்கிறவர்கள் ஒன்றைச் செய்தாக வேண்டும். இரவில் ஆட்டத்தை முறையாக முடிக்காமல் டி.வி.யை அப்படியே அணைத்தாலோ கரண்ட் போனாலோ, டீஃபால்ட் குறி அந்தக் கற்பனை ஸ்பீக்கரிலேயே தங்கிவிடக்கூடும். காலையில் வெளிநாட்டு பையர் வீடியோ அழைப்பில் வருவார். மெர்ச்சண்டைசர் எதிரே உட்கார்ந்து அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இரவு கணினியை அணைக்கும் முன், ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி அலுவலக ஸ்பீக்கருக்கே குறியைத் திருப்பிவைக்க வேண்டும். மறந்துவிடும் என்று தோன்றினால், கணினி தொடங்கும்போது தானாகவே அந்த ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும் சின்ன இலவசக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நிறுவிவைத்தால் பையர் அழைப்பின் நடுவில் தேட வேண்டியிருக்காது.