ஹூலியோ கொன்சாலெஸ்: ஒட்டு தெரியும் இரும்பு

ஹூலியோ கொன்சாலெஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே பிக்காஸோ வந்துவிடுவார். 1928இல் பிக்காஸோவுக்கு இரும்பில் வேலை செய்யத் தெரிந்த ஒரு கை தேவைப்பட்டது. பார்சிலோனா நாட்களின் பழைய நண்பர் பற்றவைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் என்பார்கள். யோசனை ஒருவருடையது, கைவேலை இன்னொருவருடையது என்ற இந்தப் பாகப்பிரிவினை எனக்குச் சரியாகப் படவில்லை. கொன்சாலெஸிடம் கைவேலைதான் யோசனை.

1876இல் பார்சிலோனாவில், உலோக வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1900 வாக்கில் பாரிஸுக்குப் போனார். ஓவியராக முயன்றார், பல வருடங்கள் நகையும் அலங்காரப் பொருட்களும் செய்துதான் பிழைப்பு ஓடியது. 1918இல் ரெனோ தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றார். சிற்பியாகத் தன் வழியைக் கண்டபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

நகை வேலையில் பொடிவைத்து ஊதுவார்கள். சீக்கிரம் உருகும் வேறொரு உலோகக் கலவை நடுவில் போய் இரண்டு துண்டுகளையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டு தெரியாமல் இருப்பதுதான் ஆசாரியின் திறமை. வெல்டிங்கில் இரும்பின் விளிம்புகளே உருகிக் கலக்கின்றன. ஆறியபின் தழும்பு நிற்கும். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கை தயங்கிய இடம் அந்தத் தழும்பில் அப்படியே இருக்கும். இரண்டு வித்தையும் தெரிந்த கொன்சாலெஸ், ஒட்டைப் பல இடங்களில் வெளிப்படையாகவே விட்டார்.

1931இல் செய்த 'தலைவாரும் பெண்' சிற்பத்தில் வளைந்த கம்பிகளும் சில தகடுகளும்தான் உண்டு. உடம்பு இருக்கவேண்டிய இடத்தில் காற்று. அதை நம் கண்தான் நிரப்புகிறது. வெளியிலேயே கோடு வரைவது என்று அவரே இந்த முறையை விளக்கினார். மெல்லிய கம்பி அப்படி அந்தரத்தில் நிற்பதற்கு ஒட்டு உறுதியாக இருந்தாக வேண்டும்.

1937 பாரிஸ் கண்காட்சியில், 'குவெர்னிகா' இருந்த அதே ஸ்பானிய அரங்கில் அவருடைய 'மொன்செராத்' நின்றது. முக்காடு போட்ட குடியானவப் பெண். கையில் அரிவாள், இன்னொரு கையில் குழந்தை. அரூபச் சிற்பத்தில் இவ்வளவு தூரம் வந்தவர் பின்வாங்கிவிட்டார் என்ற விமர்சனம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகட்டைத் தட்டி வளைத்து, துண்டு துண்டாகப் பற்றவைத்த உடம்பு அது. பாவாடையில் ஓடும் ஒட்டுக்கோடு, கிழிந்ததைத் தைத்துக் கட்டிய துணியை ஞாபகப்படுத்துகிறது. இரண்டு வருடம் கழித்து, உடம்பெல்லாம் ஆணிகள் துருத்திய 'கள்ளி மனிதன்' வந்தான். அங்கேயும் இதே கை, இதே தீ.

போர்க்காலத்தில் வெல்டிங்குக்கு வேண்டிய வாயு கிடைக்கவில்லை. பிளாஸ்டருக்குத் திரும்பினார். அலறும் மொன்செராத்தின் தலையை அதில்தான் செய்தார். 1942 மார்ச்சில் இறந்தார்.

அவரைச் சரியாகப் படித்தவர் அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், போர்க்காலத்தில் வெல்டராக இருந்தவர். பத்திரிகையில் வந்த புகைப்படங்கள் வழியாகத்தான் இந்தச் சிற்பங்கள் முதலில் அவரை எட்டின. 1956இல் கொன்சாலெஸைத் தீப்பந்தத்தின் முதல் ஆசான் என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார்.

கொன்சாலெஸ் இறந்தபிறகு அவருடைய இரும்புச் சிற்பங்கள் சிலவற்றுக்கு வெண்கல வார்ப்புகள் எடுத்தார்கள். பிளாஸ்டர் தலையை வெண்கலத்தில் வார்த்ததில் நியாயம் இருக்கிறது, பிளாஸ்டர் நொறுங்கும். இரும்பை வார்த்ததுதான் உறுத்துகிறது. வார்ப்பிலும் தழும்பின் வடிவம் வரும். ஆனால் அங்கே அது எதையும் ஒட்டவில்லை.