இஸ்ஃபஹான் சதுக்கமும் வாலாஜா பள்ளிவாசலும்

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலைப் பற்றி எழுதுவோர் பலர், அதனைப் 'பாரசீகப் பாணி' என்னும் ஒரு தொடரால் முடித்துவிடுகின்றனர். இச்சொல்லாட்சி ஆராயத்தக்கது.

பாரசீகக் கலைக்கு எவரும் சுட்டும் சான்று இஸ்ஃபஹானின் நக்ஷே ஜஹான் சதுக்கம். 1598இல் தலைநகரை அங்கு மாற்றிய முதலாம் ஷா அப்பாஸ், சுமார் 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் உள்ள வெளியை நடுவில் வைத்தார். அதன் மேற்கே அரண்மனை வாயில். வடக்கே கைசரிய்யா கடைத்தெரு. கிழக்கே ஷைகு லுத்ஃபுல்லாஹ் பள்ளி. தெற்கே ஷா பள்ளிவாசல். 1611இல் தொடங்கப்பெற்ற இத்தென்புறப் பள்ளியின் நுழைவாயில் சதுக்கத்தை நேராக நோக்குகிறது. ஆனால் உள்ளே செல்பவர் ஏறத்தாழ 45 பாகை திரும்பிய பின்னரே கிப்லாவை எதிர்கொள்கிறார். அதன் அழகு நீல ஓடுகளில் இருப்பதைவிட அந்தத் திருப்பத்தில்தான் மிகுதி என்பேன். கடைவீதியையும் அரசையும் விட்டுத் தொழுகைக்குத் திரும்புவதைக் கால்களே முதலில் உணர்கின்றன.

நவாப் முஹம்மது அலி வாலாஜா குடும்பத்தார் 1795இல் எழுப்பிய நம் பள்ளியில் ஓட்டு வண்ணமில்லை. கருங்கல்லால் ஆனது, மரமும் இரும்பும் சேர்க்கப்படவில்லை என்பர். இங்கே பாரசீகம் குடிகொண்டிருப்பது கட்டடத்தில் அன்று, கல்வெட்டில். நவாபின் அவையைச் சார்ந்த ராஜா மக்கன்லால் 'கிரத்' என்னும் ஹிந்துப் பெருமகனார் பாரசீகத்தில் யாத்த அக்கல்வெட்டில், இறைநினைவின் மேன்மையைப் பகரும் சிறு தொடரொன்று ஆண்டுக் குறிப்பாக அமைந்துள்ளது. அதன் எழுத்துகளுக்குரிய அப்ஜத் எண்களைக் கூட்டினால் 1209 எனும் ஹிஜ்ரி ஆண்டு கிடைக்கிறது. அக்கால ஆற்காட்டு அவையில் பாரசீகம் எவ்வாறு சமய எல்லை கடந்த புலமை மொழியாக விளங்கிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? குவிமாடத்தின் வளைவை அளப்போர் இதனைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

சதுக்கத்தோடு ஒப்பிடத்தக்கது பள்ளியின் முன்னுள்ள விரிந்த திடலே. இஸ்ஃபஹானில் அரண்மனையும் பள்ளியும் ஒரே வெளியைப் பகிர்ந்துகொண்டன. இங்கோ 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை, கடைசி நவாப் 1855இல் மறைந்தபின் ஆங்கில அரசின் கைக்குப் போயிற்று. அரசை இழந்தும் திடல் வெறுமையுறவில்லை. பெருநாள் தொழுகைக்கு நிரம்புகிறது. நவாபின் அழைப்பில் சென்னை வந்த ஃபிரங்கி மஹல் அறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலியும், 1972இல் காலமான காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீலும் அடங்கியிருப்பது இவ்வளாகத்திலேயே. எனினும் நம் நூல்கள் முழுப்பக்கத்தில் அச்சிடுவது இரு மினாராக்களை மட்டுமே. லுத்ஃபுல்லாஹ் பள்ளிக்கோ மினாராவே கிடையாது!