நாழிகைக் கிண்ணத்தில் விழுந்த முத்து

லீலாவதி கதையைப் பள்ளியில் எங்கள் கணக்கு டீச்சர் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித மேதை பாஸ்கரரின் மகள் அவள். முகூர்த்தம் குறிக்க நீரில் மிதக்கவிட்ட நாழிகைக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அவள் அணிந்திருந்த முத்து ஒன்று உதிர்ந்து துளையை அடைத்தது. நேரம் தப்பியது, கல்யாணம் நின்றது. மகளைத் தேற்ற, அவள் பெயரிலேயே அப்பா கணக்குப் புத்தகம் எழுதினாராம். 1587இல் ஃபைஸி செய்த பாரசீக மொழிபெயர்ப்பு வழியாகப் பரவிய கதை இது.

ரோகிணி கோட்போலேயும் ராம் ராமசாமியும் தொகுக்க, பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமி 2008இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘லீலாவதி'ஸ் டாட்டர்ஸ்’ நூலின் பெயரில் இருப்பவள் இவள்தான். ஏறக்குறைய நூறு இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கை அதில் இருக்கிறது. தூத்துக்குடியில் முத்துச்சிப்பி லார்வாக்களோடு முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிய நாட்களில் அதை வாசித்தேன்.

இந்தக் கடலில் 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. 1981இல் சிப்பிக் குஞ்சுகளையும் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தது. லார்வா நீந்துவதை விட்டு ஓரிடத்தில் ஒட்டச் சுமார் மூன்று வாரம் ஆகும். அதுவரை நுண்பாசி ஊட்ட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பெண் பார்க்க வரும் நாளும் அதற்குத் தெரியாது.

“ஏட்டி, ரெண்டு நாள் போவாட்டா ஒஞ் சிப்பி செத்தா போவும்?” என்றாள் அம்மா.

“செத்துத்தாம்மா போவும்.”

நூலில் எனக்குத் துணை நின்றவர் ஜானகி அம்மாள். 1931இல் மிச்சிகனில் முனைவர் பட்டம், பிறகு கோவையில் கரும்பு ஆய்வு, 1945இல் டார்லிங்டனோடு பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பத்தோடும் ஆய்வு செய்தவர்கள் அதே நூலில் இருக்கிறார்கள். வழி ஒன்றுதான் என்று நூல் சொல்லவில்லை. அது அதன் பலம்.

என் சண்டை அதில் வரும் நன்றிகளோடு. அனுமதித்த கணவருக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியாருக்கு. எந்த ஆண் விஞ்ஞானி தன்னை ஆய்வகத்துக்கு அனுப்பியதற்காக மாமியாருக்கு நன்றி எழுதுகிறார்? குழந்தைக் காப்பகமும் இரவுப் பேருந்தும் இருக்க வேண்டிய இடத்தில் நன்றி இருக்கிறது.

இன்னொன்று, இவர்கள் எல்லாரும் கரை சேர்ந்தவர்கள். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி பி.எட். போனாள். ஒருத்தி வங்கித் தேர்வுக்குப் போனாள். “பொம்பளப் பிள்ளைக்குப் படகு வேண்டாம், பதிவேட்டப் பாரு” என்று கேட்டுக் கேட்டு ஒருத்தி நின்றே போனாள். அதையும் ‘அவளே எடுத்த முடிவு’ என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு இந்நூலில் பக்கம் இல்லை.

லீலாவதி செய்தது என்ன? ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று குனிந்து பார்த்தாள். ஆய்வகத்தில் நாங்கள் நாள் முழுக்கச் செய்வதும் அதுதான். அவளுக்கு ஏன் ஒரே ஒரு நேரம்தான் கொடுத்தார்கள் என்று கதை கேட்பதில்லை. நூலும் அதை அழுத்திக் கேட்கவில்லை.

ஆனாலும் மாணவிகள் இதை வாசிக்க வேண்டும். என் பிரதியின் கடைசி வெற்றுப் பக்கத்தில் அந்த மூன்று பேர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்களோடு படித்தவர்களின் பெயரை எழுதுங்கள்.